தாரா, மாயா, மீரா: இரண்டு வீட்டுக் குழந்தைக்கு எந்தப் பெயர்?

தங்கை மகள் டப்ளினில் வசிக்கிறாள். எங்களுடையது யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். அவள் கணவர் ஐரிஷ் கத்தோலிக்கர். பெண் குழந்தை என்று தெரிந்ததும் இருவரும் பெயர் தேடத் தொடங்கி, நீண்ட பட்டியலைச் சலித்துச் சலித்து மூன்றில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: தாரா, மாயா, மீரா. எதை வைக்கலாம், பெரியம்மா சொல்லட்டும் என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். என் பதில் நீண்டுபோனதால், இதேபோல் இரண்டு மதம், இரண்டு மொழி, இரண்டு பாட்டிமார் உள்ள வேறு வீடுகளுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பட்டியலில் நான்காவதாக நிலாவும் இருந்தது. அழகான பெயர், தமிழ்ப் பெயர். ஆனால் தந்தை வீட்டில் அது வெறும் ஓசையாகத்தான் நிற்கும். சொல்வதற்கு அவர்களிடம் ஒரு கதையும் இல்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் பெயர் வைப்பதென்றால் நிலா போதும். இரண்டு வீட்டுக்கும் வேண்டும் என்பதால்தான் இத்தனை பாடு.

பெயர்ப் புத்தகங்கள் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. தாரா என்றால் நட்சத்திரம், மாயா என்றால் மாயை, மீரா என்றால் கண்ணனின் அடியாள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்தப் பெயரைத் தினமும் கூப்பிடப் போகிறவர்களின் காதில் என்ன விழும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. ஆகவே மூன்று பெயர்களையும் நான் பார்த்த விதம் இதுதான்: எங்கள் அம்மா, அதாவது பிறக்கப் போகிறவளின் பூட்டி, கேட்டால் என்ன நினைப்பார்? என் தங்கை, அவள்தான் அம்மம்மா, என்ன நினைப்பாள்? அயர்லாந்துப் பாட்டி என்ன நினைப்பார்? வளர்ந்த பிறகு அந்தப் பெண்ணே கேள்வி கேட்டால் இரண்டு வீட்டாரும் அவளுக்கு என்ன கதை சொல்வார்கள்?

மாயா

தந்தை வீட்டுக் கணக்கில் மாயாவுக்கு முதல் மதிப்பெண். கிரேக்கப் புராணத்தில் மாயா என்பவள் ஹெர்மஸின் தாய். ரோமர்களிடமும் அதே பெயரில் ஒரு தேவதை உண்டு. மே மாதத்துக்கு அவள் பெயரால்தான் அந்தப் பெயர் வந்தது என்பது பழைய விளக்கம். கத்தோலிக்கர்களுக்கு மே மாதம் மரியன்னையின் மாதம். ஆக, அயர்லாந்துப் பாட்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெயரில் ஒரு தாய் நிற்கிறாள். இஸ்ரேலில் இது பெண்களுக்குப் பரவலாக வைக்கும் பெயர். எபிரேயத்தில் தண்ணீரைக் குறிக்கும் ‘மயிம்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அமெரிக்கக் கவிஞர் மாயா ஆஞ்சலூவுக்கு அது அண்ணன் வைத்த செல்லப் பெயர். அவருடைய இயற்பெயர் மார்கரிட். குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் மாயா என்பது ஒரு முழு மக்களினத்தின் பெயர். அவர்களை அழிந்துபோன நாகரிகம் என்று பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். இன்றும் பல லட்சம் பேர் மாயா மொழிகளைப் பேசிக்கொண்டு வாழ்கிறார்கள்.

பௌத்தத்தில் மாயா மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறாள். புத்தரைப் பெற்றவள் அவள். லும்பினியில் அசோகர் தூணுக்கு அருகிலேயே மாயாதேவி கோயில். பிள்ளையைப் பெற்ற ஏழாம் நாள் அவள் இறந்துபோனாள் என்பது மரபு. கண்டியில் ஒரு புகழ்பெற்ற பெண்கள் கல்லூரிக்கே மகாமாயா என்றுதான் பெயர். சிங்கள பௌத்த வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் கைகூப்புவார்கள்.

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்வது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார், இன்னொருவர் பொருள் விரிப்பார், முதியவர்கள் தூணில் சாய்ந்தபடி கேட்பார்கள். யாழ்ப்பாணத்தின் பண்பாட்டையே கந்தபுராணக் கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அழைத்தார். அப்படிப்பட்ட ஊரில் மாயை யார் தெரியுமா? சூரபத்மனின் தாய். அசுர குருவான சுக்கிராசாரியார் ஏவ, காசிப முனிவரின் தவத்தைக் கலைத்து, சூரபத்மனையும் சிங்கமுகனையும் தாரகனையும் பெற்றெடுத்தவள். ஆண்டுதோறும் ஐப்பசியில் கந்தசஷ்டி வரும்போது, சூரன்போர் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் கதை மறுபடி சொல்லப்படும். எங்கள் அம்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டியும் அந்தச் செய்யுள்கள் நினைவில் இருக்கின்றன. “சூரனுடைய தாயின் பெயரையா பிள்ளைக்கு?” என்று அவர் கேட்பது எனக்கு இப்போதே கேட்கிறது.

புராணத்தை விட்டுவிட்டுத் தத்துவத்துக்குப் போனாலும் மாயாவுக்குப் பெரிய ஆறுதல் கிடைக்காது. சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் மும்மலங்கள் ஆணவம், கன்மம், மாயை. பெண்ணுக்கு ‘மலம்’ ஒன்றின் பெயரை வைப்பதா என்று சித்தாந்தம் படித்த சித்தப்பா ஒருவர் எழுந்தால் எளிதில் உட்கார மாட்டார். நியாயமாகச் சொன்னால், சித்தாந்தம் மாயையை அவ்வளவு கடுமையாக நடத்துவதில்லை. உடலும் உலகமும் மாயையிலிருந்து வருபவை. அவை இல்லாமல் உயிர் எதையும் அறிய முடியாது. பொழுது விடியும்வரை இருளில் உதவும் விளக்கைப் போன்றது மாயை என்று உமாபதி சிவம் திருவருட்பயனில் சொல்கிறார். அத்வைதிகளைப் போல அதைப் பொய்த்தோற்றம் என்று தள்ளிவிடும் பேச்சு சித்தாந்தத்தில் இல்லை. இருந்தாலும் பெயர் சூட்டும் நாளில் வந்தவர்களுக்கெல்லாம் தத்துவ விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. வைணவ வீடாக இருந்தால் கதையே மாறியிருக்கும். மாயோன், மாயவன் என்று திருமாலைப் பாடிப் பழகிய காதுக்கு மாயா இனிமையாகத்தான் இருக்கும்.

மற்ற பெயர்களுக்கு மேலாக மாயாவை எந்த வீட்டுக்குச் சிபாரிசு செய்வேன் என்றால், தமிழ் – சிங்கள பௌத்தக் கலப்பு வீட்டுக்கும், யூதக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்த வீட்டுக்கும். எங்கள் வீட்டுக்கு இல்லை.

மீரா

மீராவைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் யாருமில்லை. அதுவே அதன் பலம், சற்றுப் பலவீனமும்கூட.

பதினாறாம் நூற்றாண்டு ராஜஸ்தானத்து இளவரசி மீராபாய், மேர்த்தாவில் பிறந்து மேவார் அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கண்ணனையே கணவனாக வரித்துப் பாடினார். புகுந்த வீட்டார் நஞ்சு கொடுத்துப் பார்த்தார்கள், அது அமுதமானது என்பது கதை. தமிழர்கள் அவரை நேராக ராஜஸ்தானத்திலிருந்து அறிந்துகொள்ளவில்லை. 1945-இல் வந்த படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் வழியாக அறிந்துகொண்டார்கள். அந்தத் தலைமுறைக்கு மீரா என்றால் முதலில் பாட்டுத்தான் நினைவுக்கு வரும்.

ஐரோப்பாவுக்குள் போனால் அர்த்தங்கள் மளமளவென்று கிளைக்கின்றன. ஸ்லாவிய மொழிகளில் ‘மிர்’ என்றால் அமைதி, சிலவற்றில் உலகமும்கூட. லத்தீனில் மீரா என்றால் வியப்புக்குரியவள். அந்த லத்தீன் பெயரைத் தாங்கி வானத்தில் ஒரு விண்மீன் இருக்கிறது. ஏறத்தாழ 332 நாள் சுழற்சியில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்து, பிறகு மங்கிக் காணாமலே போய்விடும். 1596-இல் டேவிட் ஃபப்ரீசியுஸ் அதைக் கவனித்துக் குறித்தார். 1662-இல் ஹெவேலியுஸ் அதற்கு வியப்பு என்று பொருள்படும் இந்தப் பெயரைச் சூட்டினார். நட்சத்திரம் என்று பொருள் தருவது தாரா. ஆனால் உண்மையிலேயே ஒரு நட்சத்திரத்துக்குப் பெயராக இருப்பது மீரா.

இந்தப் பெயரைத் தாங்கிய வெளிநாட்டுப் பெண்கள் இருவர் நம் வரலாற்றில் உண்டு. ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஒருவரின் மகளான மேடலின் ஸ்லேட் 1925-இல் சபர்மதிக்கு வந்து காந்தியிடம் சேர்ந்தார். காந்தி அவருக்கு மீரா என்று பெயர் வைத்தார். நாடு மீராபென் என்று அழைத்தது. பேரரசின் தளபதி மகள் பேரரசுக்கு எதிரான பக்கத்தில் வந்து நின்றாள் என்று சொன்னால், அயர்லாந்து மருமகனின் தந்தை நிச்சயம் எழுந்து உட்கார்ந்து கேட்பார். இன்னொருவர் புதுச்சேரி அன்னை. 1878-இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்த யூதர்கள். பெற்றோர் வைத்த பெயர் மிர்ரா. ஒரு எழுத்து அழுத்தம் கூடினாலும் நம் காதுக்கு மீராதான்.

பெயர்ப் புத்தகங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்று: தமிழ் முஸ்லிம்களிடையே மீரா ஆண் பெயர். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையை மீரான் சாகிபு என்று அழைப்பது மரபு. அந்த வழியில் மீரான், மீரா சாகிப், மீரா முகையதீன் என்ற பெயர்கள் கடற்கரை ஊர்களெங்கும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் பின்னாளில் தமிழக ஆளுநருமான பாத்திமா பீவியின் தந்தை பெயர் மீரா சாகிப். போதாததற்குச் சிவகங்கைக் கவிஞர் மீ. ராஜேந்திரன் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தன்னை மீரா என்று ஆக்கிக்கொண்டார். அவரைப் படிக்காமல் பெயரை மட்டும் பார்த்துக் கவிதாயினி என்று எண்ணியவர்கள் எத்தனை பேரோ!

தமிழ் முஸ்லிம் குடும்பமும் இந்துக் குடும்பமும் சேர்ந்த வீடு என்றால், அல்லது மருமகன் போலந்து, செர்பியா பக்கத்தவர் என்றால், யோசிக்காமல் மீரா என்று சொல்லிவிடுவேன். எங்கள் விஷயத்தில் அயர்லாந்துக்கும் மீராவுக்கும் ஒட்டும் உறவும் இல்லை. தந்தை வீட்டார் புன்னகையோடு ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அது விருந்தாளிப் பெயராகவே இருந்துவிடும். பொது இடத்தில் வைத்த பெயருக்கும் இரண்டு வீட்டிலும் வேர் உள்ள பெயருக்கும் வேறுபாடு இருக்கிறது.

தாரா

இனி தாரா. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றில் மிகவும் சிக்கலான பெயர் இதுதான்.

அயர்லாந்திலிருந்தே தொடங்குகிறேன். டப்ளினுக்கு வடமேற்கே மீத் மாவட்டத்தில் தாரா மலை இருக்கிறது. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. நம் கண்ணுக்கு ஒரு பெரிய புல்மேடு. ஆனால் ஐரிஷ்காரர்களுக்கு அது பேரரசர்களின் இருக்கை. உச்சியில் லியா ஃபால் என்னும் நெடுங்கல் நிற்கிறது. உரிய அரசன் கால் வைத்தால் அந்தக் கல் குரலெழுப்பும் என்பது புராணம். அங்கேயுள்ள கல்லறை மேடு ஐயாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. புனித பேட்ரிக் ஸ்லேன் குன்றில் உயிர்ப்புப் பெருவிழாத் தீயை மூட்டி, தாராவிலிருந்த அரசனின் ஆணையை மீறினார் என்பது அந்நாட்டுக் குழந்தைகள் கேட்டு வளரும் கதை. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் அந்த மேட்டில் இரத்தம் சிந்தியது. 1843 ஆகஸ்டு 15 அன்று ஐரிஷ் உரிமைத் தலைவர் டேனியல் ஓ’கானல் அங்கே கூட்டிய மாபெரும் கூட்டம் அவர்களுடைய அரசியல் வரலாற்றில் நீங்காத பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை போட்டபோதும் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சாலை 2010-இல் திறக்கப்பட்டுவிட்டது. கோபம் ஆறவில்லை என்று மருமகன் சொல்கிறார்.

இந்த மலையில் ஒரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. ஆங்கிலேயர்கள்தாம் இஸ்ரேலின் தொலைந்துபோன குலத்தார் என்று நம்பிய கூட்டமொன்று, மோசேயின் உடன்படிக்கைப் பெட்டி தாராவில் புதைந்திருக்கிறது என்று முடிவு கட்டி, 1899 முதல் 1902 வரை அங்கே தோண்டித் தள்ளியது. கவிஞர் யேட்ஸ் முதலானோர் கொதித்தெழுந்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை. மேட்டுக்குத்தான் சேதம்.

பெண்ணின் பெயராக அது உலகெங்கும் பரவியதற்கு அமெரிக்காவும் ஒரு காரணம். 1936-இல் வெளிவந்து 1939-இல் படமான ‘கான் வித் த விண்ட்’ கதையில், ஐரிஷ் குடியேறி ஒருவர் தன் பருத்தித் தோட்டத்துக்குத் தாரா என்று பெயரிடுகிறார். அது அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்தப் பக்கம் வருவோம். வாலியின் மனைவி தாரை. சுக்கிரீவன் திரும்பி வந்து போருக்கு அழைக்கிறான் என்றால் பின்னால் யாரோ வலியவன் துணை நிற்கிறான் என்று கணவனை எச்சரித்தவள். வாலி கேட்டிருந்தால் பிழைத்திருப்பான். வான்மீகியில் அவள் பின்னர் சுக்கிரீவனோடு வாழ்கிறாள். கம்பன் அப்படி விடவில்லை. சினத்தோடு வரும் இலக்குவன் முன்னால் கைம்பெண் கோலத்தில் அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். அவளைப் பார்த்ததும் இலக்குவனுக்குத் தன் தாய்மாரின் நினைவு வந்து கோபம் கரைகிறது. எனக்குக் கம்பனின் தாரைதான் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். வான்மீகியின் தாரை வாழத் தெரிந்தவள். ஆனால் அறிவாளி என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடில்லை. வடநாட்டில் விடியற்காலையில் நினைக்கத் தகுந்த ஐந்து பெண்களில் ஒருத்தியாக அவளைச் சொல்கிறார்கள்.

இன்னொரு தாரை வியாழ பகவானின் மனைவி. சந்திரன் அவளைக் கவர்ந்துகொண்டு போக, தேவாசுரப் போரே மூண்டு, கடைசியில் புதன் பிறந்தான். சோதிடம் பார்க்கிற வீட்டில் இதை யாராவது எடுத்துச் சொல்லக்கூடும். பெயரைத் தடுக்கும் அளவுக்கு யாரும் இதைத் தூக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

வங்காளத்தில் தாரா, தேவியின் பத்து வடிவங்களான மகாவித்தைகளில் இரண்டாமவள். காளியைப் போல் உக்கிரமானவள், கபால மாலை அணிந்தவள். ஆனால் பீர்பும் மாவட்டத்துத் தாராபீடத்தில் சொல்லப்படும் கதை வேறு. ஆலகாலத்தை உண்ட சிவன் நஞ்சின் வேகத்தில் தவிக்க, தாரா அவனைக் குழந்தையாக மடியில் கிடத்திப் பாலூட்டித் தேற்றினாள். நஞ்சுண்ட கண்டனை அறியாத சைவ வீடு உண்டா? அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை வங்காளம் இப்படிச் சொல்லிவைத்திருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு இதை ஒருமுறை சொன்னேன். மாயாவைச் சூரன் தாய் என்று தள்ளக்கூடிய அதே மனுஷி, இந்தக் கதையை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பௌத்தத்தில் தாராவுக்கு நட்சத்திரம் என்பதைவிடக் ‘கரையேற்றுபவள்’ என்ற பொருளே முதன்மை. கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் உலகத்தின் துன்பத்தைக் கண்டு சிந்திய கண்ணீரில் பிறந்தவள் என்கிறார்கள். திபெத்தில் அவளுக்குப் பச்சை, வெள்ளை என வடிவங்கள் பல; இருபத்தொரு தாராக்களைத் துதிக்கும் பாடலை அங்கே சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். முற்பிறவியில் இளவரசியாக இருந்தபோது, அடுத்த பிறவியில் ஆணாகப் பிறந்து ஞானம் பெறும்படி துறவிகள் அறிவுரை சொன்னார்களாம். அவள் மறுத்து, உயிர்கள் எல்லாம் கரையேறும்வரை பெண்ணாகவே பிறந்து வருவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டாள். பெண் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நிமிர்ந்த கதை மூன்று பெயர்களிலும் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

இலங்கைக்கும் இந்தத் தாராவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் கிடைத்த எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன் முலாம் பூசிய வெண்கலத் தாரா இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கிறது. உயரம் 143 சென்டிமீட்டர். இலங்கையின் ஆளுநராக இருந்த ராபர்ட் பிரௌன்ரிக் 1830-இல் அதைக் கொடுத்தார். அவருக்கு அது எப்படிச் சொந்தமானது என்று கேட்கத்தான் வேண்டும். டப்ளினிலிருந்து லண்டன் ஒரு மணி நேர விமானப் பயணம். பெயர்க்காரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். தமிழ்க் காப்பியமான மணிமேகலையிலும் இந்தப் பெயர் ஒளிந்திருக்கிறது: மணிமேகலைக்கு முற்பிறவியில் தாரை, வீரை என்று இரண்டு தமக்கையர் இருந்தார்கள்; அவர்களே மாதவியாகவும் சுதமதியாகவும் மறுபடி பிறந்தார்கள்.

இன்னும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பாரசீகத்தில் தாரா நட்சத்திரம். குர்து மொழியில் மணப்பெண்ணின் முகத்திரை. மாண்டினீக்ரோவில் ஆழமான பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு. நியூசிலாந்து மாவோரிகளுக்குத் தாரா ஒரு ஆண் மூதாதை. வெலிங்டன் துறைமுகத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சில பகுதிகளில் ‘டரா’ என்றால் போய்வருகிறேன்.

வாத்தும் தாரா சிங்கும்

இவ்வளவு சிறப்புகளுக்கும் நடுவில் ஒரு கல் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் தாரா என்றால் வாத்து. தாரா முட்டை, தாராக்கோழி என்று அன்றாடம் சொல்லும் சொல். மலையாளத்தின் தாறாவும் அதன் உடன்பிறப்பு. சென்னையில் இருக்கிற தமிழருக்கு இது தெரியாது. நயன்தாராவின் பெயரைக் கேட்டு அவர்களில் யாருக்கும் வாத்து நினைவுக்கு வந்திருக்காது. எங்கள் வீட்டில் வரும். தங்கை இதைக் கேட்டதும் முதலில் சிரித்தாள், பிறகு கவலைப்பட்டாள்.

இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது? வளரப்போகும் ஊர் வல்வெட்டித்துறையாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுவதும் குவாக் குவாக் என்று கத்தும். டப்ளினில் அந்த வாத்தை அறிந்தவர்கள் அம்மம்மா, பூட்டி, சில உறவினர்கள் மட்டும். அவர்கள் எப்படியும் பிள்ளையை ஏதோ ஒரு குஞ்சு என்றுதான் கொஞ்சப் போகிறார்கள். அது தாராக்குஞ்சாக இருந்துவிட்டுப் போகட்டும். சூரனின் தாயைக் கொஞ்சலாக மாற்ற முடியாது. வாத்தை மாற்றலாம்.

தமிழ் எழுத்து இன்னொரு குழப்பமும் செய்கிறது. வடமொழியில் நட்சத்திரமான தாராவுக்கும் நீர்த்தாரையைக் குறிக்கும் தாராவுக்கும் முதல் எழுத்து வேறு. தமிழில் இரண்டும் ஒன்று. தாரை தாரையாகக் கண்ணீர் விடுவதும், இருந்ததையெல்லாம் தாரை வார்ப்பதும் அந்த இரண்டாம் தாரை. மூன்றாவதாகப் பாரசீகத்தில் நட்சத்திரத்தைக் குறிக்காத இன்னொரு தாரா, அதாவது அரசன். உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து 1659-இல் தம்பியால் கொல்லப்பட்ட முகலாய இளவரசர் தாரா ஷிகோவை நாம் எழுதுவதும் இதே இரண்டு எழுத்தில்தான். மல்லர் தாரா சிங்கையும் அப்படியே. தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக நடித்தவர் அவர். கிஷ்கிந்தையில் ஆண் தாரா ஒருவரும் பெண் தாரை ஒருத்தியும் இருந்திருக்கிறார்கள். அயர்லாந்திலும் இந்த இரட்டை இருக்கிறது: டோக்கியோவின் முதல் எழுத்தில் தொடங்கினால் மலையின் பெயர், பெண்ணுக்கு, டெல்லியின் முதல் எழுத்தில் தொடங்கினால் ஓக் மரத்தோடு தொடர்புடைய பெயர், பெரும்பாலும் ஆணுக்கு. அங்கே யாரும் குழம்புவதில்லை. தமிழில் வாழ்த்து மடல் எழுதுகிறவர்கள்தான் குழம்புவார்கள்.

கோயிலும் தேவாலயமும்

நட்சத்திர எழுத்து பார்க்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் கவனிக்க வேண்டும். மா, மீ, மூ, மே என்பவை மகத்துக்குரிய எழுத்துகள். ஆகவே மாயாவும் மீராவும் ஒரே நட்சத்திரத்தில் விழுகின்றன. சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா. தாராவுக்கு அதன் நான்காம் பாதம். பிறப்பது எந்த நட்சத்திரமோ! எழுத்துப் பார்த்து ஒரு பெயரைக் காதில் ஓதிவிட்டுக் கூப்பிட வேறு பெயர் வைப்பது நம்மவர்கள் எப்போதோ கண்டுபிடித்த வழி. நான் அதற்கு மேல் இதில் தலையிட மாட்டேன்.

திருமுழுக்கு வேண்டும் என்று அயர்லாந்துப் பாட்டி விரும்பினால் அதற்கும் தடையில்லை. 1917-இல் வந்த திருச்சபைச் சட்டம் புனிதர் பெயரை வற்புறுத்தியது. பெற்றோர் வைக்காவிட்டால் குருவானவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1983 சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைத் தவிர்க்க வேண்டும் என்பதோடு நிற்கிறது. மூன்று பெயர்களில் எதுவும் அந்த வரம்பை மீறவில்லை. பாட்டியின் மனத்துக்காக இரண்டாம் பெயராகப் பிரிஜிட் சேர்க்கலாம். அந்தப் புனிதையின் பெயரில் 2023 முதல் அயர்லாந்தில் அரசு விடுமுறையே விடுகிறார்கள்.

ஆக என் வாக்கு தாராவுக்கு. இரண்டு வீட்டிலும் மண்ணில் கால் ஊன்றிய பெயர் அது ஒன்றுதான்: அங்கே மலை, இங்கே கிழக்குக் கரைச் சிலையும் கிஷ்கிந்தை அரசியும். இரண்டு பெயர்களுக்கும் மூலம் ஒன்றில்லை. ஐரிஷ் சொல்லும் வடமொழிச் சொல்லும் தற்செயலாக ஒரே ஓசையில் வந்து நிற்கின்றன. ஆரியர் போன வழி, கெல்டியர் வந்த வழி என்று இதை வைத்து உறவு கண்டுபிடிக்கும் மாமாக்களை ஊக்கப்படுத்த வேண்டாம் என்று இளந்தம்பதியைக் கேட்டுக்கொண்டேன்.

எஞ்சியது எழுத்துக்கூட்டல். தமிழர் பலர் ‘த’ ஒலிக்காக ஆங்கிலத்தில் எச் சேர்த்து எழுதுவார்கள். அயர்லாந்தில் இதற்கு ஒரு விசித்திரமான சாதகம் உண்டு. அந்த இரட்டையெழுத்தை அங்கே பலர் பல்லில் நாக்கை முட்டி நம்முடைய த் போலவே ஒலிக்கிறார்கள். எச் சேர்த்தால் டப்ளின் ஆசிரியை கிட்டத்தட்ட யாழ்ப்பாண உச்சரிப்பிலேயே கூப்பிடுவார். சேர்க்காவிட்டால் டாராதான். ஆனால் சேர்த்தால் மலையின் பெயர்ப்பலகையில் இருக்கும் எழுத்தும் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தும் வேறாகிவிடும். தந்தை வீட்டுக்காக இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததன் பாதிக் காரணம் போய்விடும். எச் வேண்டாம் என்று நான் சொல்கிறேன், தங்கை வேண்டும் என்கிறாள். அயர்லாந்தில் பிறப்பைப் பதிவு செய்ய மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது. நம் வழக்கப்படி துடக்குக் கழிப்பது 31ஆம் நாள். அதற்குள் இந்த ஒரு எழுத்தைத் தாயும் தந்தையும் தீர்த்துக்கொள்ளட்டும்.